நாகமலை வீட்டில் ஒரு சுக்குக் காபி மாலை

மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் நேற்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கவும் வழியில்லை. அப்புறம் என்ன, சுக்குக் காபிதான்.

பெயரில்தான் காபி, காபித்தூள் ஒரு சிட்டிகைகூடப் போட மாட்டோம். சுக்குக்குப் புறம் நஞ்சு என்பார்கள், அதனால் தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் தட்ட வேண்டும். மல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, நாலு மிளகும் எங்களில் போடிநாயக்கனூர்க்காரன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏலக்காயும் சேர்த்து இடித்தோம். உடன்குடிக் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டினால் அடியில் மணல் தங்கும், அதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது.

கொதி வந்ததும் கீழ்வீட்டு அம்மாச்சி, "என்னப்பா, தெருவெல்லாம் மணக்குது" என்றபடி மெதுவாகப் படியேறி வந்துவிட்டார். சரி, முதல் டம்ளர் அவருக்குத்தான்! ஒருவன் எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துத் தாளம் போட, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆளுக்கொரு பாட்டு, நடுநடுவே அம்மாச்சி சொன்ன அழகர் திருவிழாக் கதைகள். கரண்ட் வந்தபோது யாருமே எழுந்து லைட்டைப் போடவில்லை.