நொதி மரபணுவைத் தேடும் ஆய்வுத்திட்டம்: அடுத்து வருபவர்களுக்குச் சில குறிப்புகள்

முதுகலை உயிர்த்தகவலியலில் எனக்குக் கிடைத்த ஆய்வுத்திட்டம், ஐடியோனெல்லா சகாயென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் ஜீனோமில் (முழு மரபணுத் தொகுதியில்) பெட் நெகிழியைச் சிதைக்கும் நொதியின் மரபணுவைப் புரத வரிசை ஒப்பீட்டின் மூலம் கண்டெடுப்பதாகும். ஜப்பானின் சகாய் நகரில், பெட் பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த உயிரியைப் பற்றிய ஆய்வு 2016-இல் வெளியானது. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கு என்பதால், நம் வழிமுறை சரிதானா என்று சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி அமையாது.

தேடலுக்கு டிஎன்ஏ வரிசையை எடுக்காமல் புரத வரிசையையே எடுங்கள். லியூசின் என்ற ஒரே அமினோ அமிலத்தை ஆறு கோடான்கள் (மூன்றெழுத்து டிஎன்ஏ குறியீடுகள்) குறிக்க முடியும் என்பதால், தூரத்து உறவுள்ள இரு மரபணுக்கள் டிஎன்ஏ அளவில் அடையாளம் தெரியாதபடி விலகிப் போயிருந்தாலும் புரத அளவில் உறவு புலப்படும். நான் வினவலாக, அதாவது தேடலுக்கான மாதிரி வரிசையாகக் கொடுத்தது தெர்மோபைஃபிடா ஃபஸ்கா என்ற பாக்டீரியாவின் ஹைட்ரோலேஸ் (நீரைக் கொண்டு பிணைப்புகளை உடைக்கும் நொதி). அதனோடு சுமார் 51 விழுக்காடு ஒத்துப்போகும் புரதமே நாம் தேடும், பெட்டைச் சிதைக்கும் நொதியான பெட்டேஸ். குறிக்கப்பட்ட புரதப் பட்டியலில் எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால், புரத வரிசையை டிஎன்ஏவின் மொழிபெயர்ப்போடு ஒப்பிடும் டிபிளாஸ்ட்என் என்ற நிரல் மூலம் ஜீனோமின் ஆறு வாசிப்புச் சட்டகங்களிலும் (இரண்டு இழைகளிலும் மும்மூன்று வாசிப்புகள்) தேட வேண்டும்; காண்டிக்கின் (ஜீனோமின் தொடர்ச்சியாக இணைக்கப்பட்ட ஒரு துண்டின்) ஓரத்தில் வெட்டுப்பட்ட மரபணுக்களும், வழக்கமான ஏடிஜிக்குப் பதில் ஜிடிஜி அல்லது டிடிஜி கோடானில் தொடங்குவதால் தவறாகக் குறிக்கப்பட்டவையும் அப்போதுதான் அகப்படும்.

தேடல் முடிவில் ஒவ்வொரு பொருத்தத்தோடும் வரும் இ-மதிப்பைப் பலரும் மதிப்பெண் போலப் பார்க்கிறார்கள். அந்த அளவு தரவுத்தளத்தில், இதே ஒப்பீட்டு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ உள்ள பொருத்தங்கள் தற்செயலாக எத்தனை வரக்கூடும் என்பதையே அது சொல்கிறது. ஆகவே ஒரே பொருத்தம் தனி ஜீனோமில் சிறிய இ-மதிப்பையும், பெரிய பொதுத் தரவுத்தளத்தில் பெரிய இ-மதிப்பையும் பெறும். வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

பட்டியலில் முதலில் நிற்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வினவலின் எவ்வளவு நீளம் பொருந்தியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு நொதியில் வினை நடக்கும் இடமான வினையூக்கத் தளத்துக்குச் செல்லுங்கள். பெட்டேஸில் 160-ஆம் இடத்துச் செரின், 206-ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலம், 237-ஆம் இடத்து ஹிஸ்டிடின் ஆகிய மூன்றும் வினவலின் அதே எச்சங்களுக்கு (புரதத்திலுள்ள அமினோ அமிலங்களுக்கு) நேர் கீழே நிற்பதை ஒப்பீட்டில் கண்ணால் பார்க்கலாம். செரினைச் சுற்றியுள்ள ஐந்து எழுத்துகள் கிளைசின், டிரிப்டோபேன், செரின், மெத்தியோனின், கிளைசின். தெர்மோபைஃபிடா கியூட்டினேஸ்களில் (தாவர மேற்பூச்சான கியூட்டினைச் சிதைக்கும் ஹைட்ரோலேஸ்களில்) அந்த டிரிப்டோபேன் இருக்கும் இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது. வினைக்கு இன்றியமையாதவை மாறாமல், பக்கத்து இருக்கை மட்டும் மாறியிருக்கிறது. ஐம்பது விழுக்காடு ஒற்றுமை என்ற எண்ணைவிட இந்த ஒப்பீடுதான் எனக்கு உறுதி தந்தது.

ஆயினும் ஒற்றுமை காட்டுவது குடும்பத்தையே. அந்த நொதி எந்தப் பொருளின் மீது வேலை செய்யும் என்பதை அது சொல்லிவிடாது. ஐடியோனெல்லாவின் எம்ஹெச்இடேஸ் (பெட்டேஸ் பெட்டைச் சிதைக்கும்போது வரும் எம்ஹெச்இடி என்ற பொருளை உடைக்கும் நொதி) இதற்குச் சான்று. வரிசையை மட்டும் பார்த்தால் அது டானின்களைச் சிதைக்கும் டானேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதோடு தேடல் நின்றுவிடும்; பெட் படலத்தில் வளரும்போது அதன் மரபணு வெளிப்பாடு பெட்டேஸின் வெளிப்பாட்டோடு ஒத்துப்போனதும், தூய்மைப்படுத்திய புரதத்தைச் சோதித்ததுமே அதன் உண்மையான வேலையை வெளிப்படுத்தின. ஆகவே ஆய்வேட்டில் ‘பெட்டைச் சிதைக்கும் நொதியின் மரபணு கண்டறியப்பட்டது’ என்று எழுதாமல், ‘கியூட்டினேஸை ஒத்த ஹைட்ரோலேஸ் எனக் கணிக்கப்படுகிறது’ என்று எழுதி, அருகிலேயே பொருந்திய நீளத்தையும் வினையூக்க எச்சங்களின் இடங்களையும் அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள்.