ஜெபிக்கிறவர் கவுன்சலிங் போகும்போது

"கிறிஸ்தவ கவுன்சலரிடம்தான் போக வேண்டுமா?" விசுவாசிகள் முதலில் கேட்பது இதைத்தான். படிப்பையும் பயிற்சியையும் முதலில் விசாரியுங்கள், சபையை அப்புறம் விசாரிக்கலாம். விசுவாசத்தைக் கேலி செய்கிறவர் உதவ மாட்டார். நேரம் முழுக்க வசனம் சொல்லியே அனுப்பிவிடுகிறவரும் அப்படித்தான். கவுன்சலிங் தொடங்குமுன் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதித்துக்கொள்வது நல்லது. இவற்றில் கோளாறு இருந்தாலும் சோர்வும் மனவாட்டமும் வரும்.

முதல் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். தூக்கம், பசி, குடும்பம், சாப்பிடும் மருந்துகள் எல்லாம் கேட்பார்கள். மனச்சோர்வை அளக்க 9 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றையும் தரலாம். கடந்த 2 வாரம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும், கூட்டினால் அதிகபட்சம் 27. நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். சாட்சி சொல்லிப் பழகிய வாய், "கர்த்தர் நடத்துகிறார்" என்று சொல்லி எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிடும். நிலைமை லேசானது என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். 9-ஆவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டதை 1 இராஜாக்கள் 19 மறைக்கவில்லை. தூதன் அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை, இரண்டு முறை தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆகவே உள்ளதைக் குறியுங்கள். அந்த எண்ணம் இப்போதே வலுவாக இருந்தால் அமர்வுக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

சொல்வது வெளியே போகாது. உயிராபத்து, குழந்தைகள்மேல் வன்முறை போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சபை ஜெபக்குழுவுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜெபக்குறிப்பு கொடுக்கும்போது "உடல்நலத்துக்காக" என்றால் போதும்.

வீட்டுப்பாடமாக எண்ணப் பதிவேடு வரும்: நடந்தது, தோன்றிய எண்ணம், அதற்கு ஆதரவும் எதிருமான சான்று, மாற்று எண்ணம். "தேவன் என்னைக் கைவிட்டார்" என்று எழுதிவிட்டு, சான்று கட்டத்தைத் தாண்டி நேரே கடைசிக் கட்டத்தில் வசனம் எழுதுவது வழக்கம். வசனம் சரிதான், ஆனால் எண்ணத்தைச் சோதிக்கிற வேலை அந்தக் காலிக் கட்டத்தில்தான் நடக்கிறது.

மிகவும் சிக்கலானது, பாவத்தைப் பற்றிய எண்ணச்சுழல் நோய் (OCD). தூஷணமான எண்ணம் தானாகவே வரும். பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பாவம் செய்துவிட்டோமோ என்ற பயத்தில் ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்வார்கள். போதகர் "மன்னிப்பு உண்டு" என்பார், கொஞ்ச நேரம் நிம்மதி, மறுபடி போன். அந்த ஆறுதல்தான் நோய்க்குத் தீனி, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பதற்றம் தானாக அடங்க விடாமல் செய்கிறது. சிகிச்சையில் எண்ணம் வரட்டும், உடனே மன்னிப்புக் கேட்காதே என்பார்கள். விசுவாசிக்கு இது பாவம் செய்யச் சொல்வதுபோல் கேட்கும், பலர் விட்டு ஓடுவதும் இந்தக் கட்டத்தில்தான். சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் கவுன்சலரும் போதகரும் ஒருமுறை பேசி எல்லை வகுத்துக்கொள்வது பலன் தரும். உதாரணமாக, வழக்கமான ஜெபவேளையில் ஒரே ஒரு முறை அறிக்கை, மீண்டும் போன் வந்தால் போதகர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அன்போடு மறுப்பது. நிறுத்தச் சொல்வது பயத்தால் செய்யும் சடங்கைத்தான், ஜெபத்தை அல்ல.

வன்கொடுமைக்கு ஆளானவரிடம் "மன்னித்துவிடு" என்று அவசரப்படுத்துவது இன்னொரு தவறு. பாதுகாப்பு முதலில், துக்கம் அடுத்து.

மருந்து கொடுப்பது மனநல மருத்துவர். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், குமட்டல்போன்ற பக்கவிளைவு அதற்கு முன்பே தெரியும். விடுதலை ஜெபம் ஏறெடுத்த கையோடு மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இருமுனை மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மருந்தை எடுப்பவர்கள் தண்ணீர்கூட குடிக்காமல் உபவாசம் இருப்பது ஆபத்து. உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடி நஞ்சாகலாம். உபவாச நாட்களை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.