சுண்டெலிக்கு மனிதன் படம் வரைந்து ஃபெயில் ஆன கதை

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ். போன முறை இதே தாள் நாலு மார்க்கில் போனது. அந்த நாலும் ஒரே கேள்வியில் போனவை, அதுவும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன் என்று நினைத்திருந்த கேள்வியில். சுண்டெலியில் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதைகள், படத்துடன்.

படம் அழகாகத்தான் வந்தது. விழித்திரையை நடுவில் பிளந்து, மூக்குப் பக்கப் பாதியைக் குறுக்கே அனுப்பி, நெற்றிப்பொட்டுப் பக்கப் பாதியை அதே பக்கம் விட்டு, எல்ஜிஎன்னில் (கண்ணின் சேதியைப் பார்வைப் புறணிக்குக் கடத்தும் இடைநிலையம்) ஆறு அடுக்கும் போட்டேன். மேலே 'சுண்டெலி' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். திருத்தியவர் அந்த ஒரு சொல்லை மட்டும் வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டிருந்தார். அவர் மேல் இருந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. தப்பு என்னுடையதுதான், வரைந்தது மனிதனின் பாதையை, தெரியும்.

இந்த முறை ஆப்டிக் கயாஸ்மாவை (இரு கண் நரம்புகளும் சந்தித்துக் குறுக்கிடும் இடம்) முடிக்காமல் வேறு எதையும் தொடவில்லை. நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

சுண்டெலிக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் இடம் முன்னால் கொஞ்சம்தான். ஒரு கண்ணில் சுமார் 45,000 கேங்லியான் செல்கள் (விழித்திரையிலிருந்து மூளைக்குச் சேதி அனுப்புபவை) என்றால், நூற்றுக்கு 95-க்கு மேல் மறுபக்கம் தாவிவிடும். அதே பக்கம் தங்குவது 3 முதல் 5 வரைதான். மனிதனில் அது 40-க்கு மேல். தங்கும் செல்கள் எல்லாம் விழித்திரையின் கீழ்ப் பொட்டுப் பக்க ஓரத்தில், ஒரு பிறைக்குள் இருக்கின்றன. அந்தப் பிறைக்குள்ளேயும் தாவும் செல்கள் கலந்திருக்கும். இந்தக் கடைசி வரியை எழுதாமல் விடாதீர்கள்.

ஏன் தங்குகின்றன? பிறைச் செல்களில் ஜிக்2 என்ற மரபணு விழித்திருக்கிறது. அது எஃப்-பி1 என்ற ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் புரதத்தை, தயாரிக்க வைக்கிறது. கயாஸ்மாவின் நடுக்கோட்டில் உள்ள கிளியா செல்களில் (நரம்பு செல்களின் துணை செல்கள்) அந்த ஏற்பியோடு சேரும் எஃப்ரின்-பி2 புரதம் இருக்கிறது. இரண்டும் சந்தித்ததும் ஆக்ஸான் (செல்லின் நீண்ட இழை) பின்வாங்கி, வந்த பக்கமே திரும்பிக்கொள்கிறது. ஏற்பி இல்லாத செல் பாட்டுக்குக் கடந்து போகும். அல்பினோ (நிறமி இல்லாத) எலிகளில் தங்கும் பங்கு குறைகிறது.

அப்புறம் போய்ச் சேரும் இடங்கள். மொத்தம் 40-க்கும் மேல் உண்டு. நான் நாலு மட்டும் வைத்துக்கொண்டேன்:

சுப்பீரியர் கொலிகுலஸ், நடுமூளையின் மேற்பகுதி. கேங்லியான் செல்களில் 85 முதல் 90 சதவீதம் இங்கே வரும். எலியைப் பொறுத்தவரை பெரிய வாசல் இதுதான். மனிதனை மனதில் வைத்து எல்ஜிஎன்னை முதலில் எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முதுகுப்புற எல்ஜிஎன். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பெரும்பாலும் கொலிகுலஸுக்குப் போகும் அதே ஆக்ஸானின் கிளைதான். அடுக்கு கிடையாது. நடுவில் ஒரு திட்டு அதே பக்கக் கண்ணுக்கு, சுற்றியுள்ளது மறு கண்ணுக்கு.

எஸ்சிஎன். உடல் கடிகாரம். மெலனாப்சின் என்ற ஒளியுணரும் நிறமி உள்ள செல்கள் வருகின்றன, இரண்டு கண்ணிலிருந்தும் ஏறக்குறைய சமமாக. 95 சதவீதக் கணக்கு இங்கே செல்லாது. என் நண்பனுக்கு மார்க் போனது இங்கே.

ஆலிவரி பிரிடெக்டல் கரு. வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்க. ஒரு வரி போதும்.

பார்வைப் புறணியை மூன்று வரியில் முடித்தேன். வெளிப்பக்க ஓரத்தில் இருகண் பகுதி, கண்வாரிப் பட்டைகள் (ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அமையும் பட்டைகள்) இல்லை, இருந்தும் நான்காவது வாரத்தையொட்டி ஒரு கண்ணை மூடினால் செல்களின் விருப்பம் மற்ற கண்ணுக்கு மாறுகிறது.

எனக்கு மார்க் வாங்கித் தந்தது பேனா. ஆய்வகத்தில் ஒரு கண்ணில் பச்சை, மறு கண்ணில் சிவப்பு என்று நிறமேற்றிய காலரா நச்சின் பி துணையலகை (நச்சின் ஒரு பகுதி, ஆக்ஸான் வழியே போகும்) செலுத்தி, ஆக்ஸான்கள் எங்கே போகின்றன என்று பார்ப்பார்கள் அல்லவா? அதையே தாளில் செய்தேன். இடக் கண் பச்சை, வலக் கண் சிவப்பு. இடப்பக்க எல்ஜிஎன் முழுக்கச் சிவப்பு, நடுவில் சின்னப் பச்சைத் திட்டு. பிறந்தவுடன் இந்த இரண்டு நிறமும் கலந்து கிடக்கும் என்பதும் அதே படத்தில் வந்துவிடும். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும், அதற்கு முன்னாலேயே விழித்திரையில் தானாக எழும் அலைகள் அவற்றைப் பிரித்துவிடுகின்றன. முதல் வாரத்தில் அந்த அலைகள் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சேதிப் பொருளை நம்பியிருக்கின்றன. அசிட்டைல்கோலின் ஏற்பியின் பீட்டா-2 துணையலகு இல்லாத எலிகளில் நிறங்கள் சரியாகப் பிரிவதில்லை. இதை நான் மனப்பாடம் செய்யவே இல்லை, வரைந்து வரைந்து கையில் ஏறியது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு உதவாது.

இந்த முறை கேள்வி, எஃப்-பி1 இல்லாத எலியில் எல்ஜிஎன் எப்படி இருக்கும் என்பது. பச்சைத் திட்டைச் சுருக்கி வரைந்தேன், காரணம் நாலு வரி. பன்னிரண்டு நிமிடம். மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் விழித்திரை அடுக்குகள் கேள்வியில் கொட்டித் தீர்த்தேன். அதில் என்ன எழுதினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.