புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ.: ஸ்கேன் அறைக் குறிப்புகள்

மார்ச் 3
புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ.யைக் கெடுப்பதில் முதலிடம் மலக்குடலில் தங்கும் காற்றுக்குத்தான். புரோஸ்டேட் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருப்பது மலக்குடல். காற்றும் திசுவும் சேரும் எல்லையில் காந்தப்புலம் குலையும். டிஃப்யூஷன் படத்தில் (திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு நகர்கின்றன என்று காட்டும் படம்) சுரப்பியின் பின்பக்கம் இழுபட்டுக் கோணலாகும். பெரும்பாலான புற்று தோன்றும் புற மண்டலமும் (சுரப்பியின் வெளிப்பகுதி) அங்கேதான் இருக்கிறது. ஸ்கேனுக்கு முன் மலம் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் படங்களிலேயே காற்று தெரிந்தால் நிறுத்திவிட்டு மறுபடி கழிப்பறைக்கு அனுப்புங்கள். பத்து நிமிடம் போனால் போகட்டும். 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) மெஷின் என்பதால் தப்பிக்க முடியாது. புலம் கூடினால் இந்தக் கோணலும் கூடும்.

மார்ச் 5
பயாப்ஸி (ஊசியால் திசு எடுக்கும் சோதனை) முடிந்த சூட்டோடு ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாது. குறைந்தது 6 வாரம் போகட்டும். உள்ளே கசிந்த ரத்தம் டி2 படத்தில் (சுரப்பியின் உள்ளமைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) புற்றைப் போலவே கறுப்பாகத் தெரியும். டி1 என்ற இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் வெளுத்திருந்தால் ரத்தம் என்று பிடித்துவிடலாம்.

மார்ச் 9
புற்று இருக்கும் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பைராட்ஸ் 2.1 முறையில் புற மண்டலத்துக்கு டிஃப்யூஷனும், நடுவில் வீங்கும் இடைநிலை மண்டலத்துக்கு டி2 படமும் முதல் சாட்சி. டி2 துண்டுகள் 3 மி.மீ. தடிமனில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். டிஃப்யூஷனில் பி மதிப்பு (நீர் நகர்வுக்குப் படம் எவ்வளவு உணர்திறன் கொண்டது என்பதன் அளவு) 1400 அல்லது அதற்கு மேல் தேவை. புற மண்டலத்தில் 9 மி.மீ. புள்ளி ஒன்று அந்த உயர் பி படத்தில் பளிச்சென்று வெளுத்து, ஏ.டி.சி. படத்தில் (நீர் நகர்வைக் கணக்கிட்டு வரைந்த படம்) கரிக்கறுப்பாக இருந்தால் மதிப்பெண் 4. அதுவே 15 மி.மீ.யைத் தொட்டால் 5. ஏ.டி.சி.யிலும் வெளுப்பாகவே இருந்தால் பயம் குறைவு. அது பெரும்பாலும் டி2 வெளிச்சம் டிஃப்யூஷன் படத்திலும் ஊடுருவித் தெரிவதுதான்.

மார்ச் 12
மதிப்பெண் 3 வந்தால் பி.எஸ்.ஏ. அடர்த்தியை, அதாவது ரத்தத்தில் உள்ள பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரக்கும் புரதம்) அளவைச் சுரப்பியின் கன அளவால் வகுத்த எண்ணைக் கணக்கிடாமல் ரிப்போர்ட்டை முடிக்காதீர்கள். சுரப்பியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, 0.52ஆல் பெருக்கினால் கன அளவு: 5 × 4 × 3.5 செ.மீ. என்றால் சுமார் 36 மி.லி. பி.எஸ்.ஏ. 6 என்றால் அடர்த்தி 0.16, 0.15ஐத் தாண்டுவதால் பயாப்ஸி பக்கம் சாயலாம். அதே 6, 80 மி.லி. சுரப்பியில் 0.075தான்.

மார்ச் 16
2017இல் வெளியான பிரிட்டனின் புரோமிஸ் ஆய்வில் 576 பேர். தீவிரமான புற்றைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதம், வழக்கமான அல்ட்ராசவுண்ட் வழிப் பயாப்ஸி 48. ஆனால் அந்தப் புற்று இல்லாதவர்களில் 41 சதவீதம் பேரைத்தான் எம்.ஆர்.ஐ. சரியாக விலக்கியது. ஆகவே 4 என்ற மதிப்பெண்ணைப் பார்த்ததுமே புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வது தவறு. ஊசி எந்த இடத்தில் போக வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. டிஃப்யூஷன் கோணலாக வந்திருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள். யூராலஜிஸ்ட் (சிறுநீரகவியல் மருத்துவர்) அதைப் படித்துத்தான் மறு ஸ்கேனா, ஊசியா என்று முடிவெடுப்பார்.