பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

எங்கள் தெருப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் பாவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் குடி, சூது, கடன் வாங்கி ஏமாற்றுவது, செல்போனில் கண்டதைப் பார்ப்பது என்று மளமளவென்று பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டு ஆண்கள் இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் இருப்பார்கள். நாங்கள் இருக்க மாட்டோம். எங்களுக்குள் இருந்த பாவம் ஜெபத்தின் உருவத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அதைப் பாவம் என்று அடையாளம் காண இவ்வளவு காலம் ஆயிற்று.

பாளையங்கோட்டையில், ஊசிக்கோபுரம் என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்தின் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள், மத்தியானச் சமையல் வேலை ஓய்ந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒரு கீர்த்தனை, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், வேதபாடம், அப்புறம் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லும் ஜெபக் குறிப்புகள், கடைசியில் காபி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஜெபக் குறிப்பு நேரத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்துவார். "பேரு சொல்ல வேண்டாம் டீச்சர், ஆனா பாரத்தோட ஜெபிச்சுக்கிடணும்." பெயர் வராது. தெரு வந்துவிடும். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார் என்பது வரும். மூத்த மகள் நர்சிங் முடித்திருக்கிறாள் என்பது வரும். அதற்குள் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்திருக்கும். "அப்படியா?" என்று ஒருவர் கேட்பார். "நானும் கேள்விப்பட்டேன், ஆனா இது வேற மாதிரியில்லா கேள்விப்பட்டேன்" என்று இன்னொருவர் சேர்ப்பார். கால் மணி நேரம் பேசுவோம், இரண்டு நிமிடம் ஜெபிப்போம். காபி குடித்துவிட்டுக் கலையும்போது அந்தக் குடும்பத்தின் மானம் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க வேதம் இடம் கொடுக்கவில்லை. ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் மனுஷருடைய அக்கிரமங்களை வரிசையாக எழுதும்போது, கொலையைச் சொல்லிவிட்டு நாலைந்து சொல் தள்ளி, அதே மூச்சில் புறங்கூறுகிறவர்களையும் சொல்லுகிறார். லேவியராகமம் 19ல் கோள் சொல்லித் திரியாதே என்ற கட்டளையும், பிறனுடைய இரத்தப்பழிக்கு உட்படாதே என்ற கட்டளையும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. ஒரு பெண் பிள்ளையின் கலியாணப் பேச்சு, யாரோ எங்கேயோ சொன்ன ஒரு வார்த்தையால் நின்றுபோவதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டும் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

லூக்கா 18ல் தேவாலயத்துக்கு ஜெபம் பண்ணப் போன பரிசேயனை, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவனை, பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவனுடைய பெருமையைப் பற்றித்தான் எல்லாரும் சொல்லுவார்கள். ஆனால் அவன் ஜெபத்தின் நடுவில் இன்னொரு மனிதன், வரி வசூலிக்கிற ஆயக்காரன் ஒருவன், இருக்கிறான். "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டிருப்பவனைக் கர்த்தரிடம் காட்டிக்கொடுத்து, அதையே ஸ்தோத்திரமாக முடிக்கிறான். இன்னொருவருடைய விழுகையைப் பேசும்போது நமக்குள் வரும் அந்த லேசான நிம்மதி இருக்கிறதே, 'நம்ம வீட்டில் அப்படி இல்லை' என்கிற நிம்மதி, அதுதான் இந்தப் பாவத்தின் ருசி. அந்த ருசி இருக்கும்வரை வாயை மட்டும் கட்டி ஒன்றும் ஆகாது.

ஒரு லெந்து காலத்தில் வாயைக் கட்டித்தான் பார்த்தோம். ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும் எங்கள் பக்கம் மீன், கறி விடுவார்கள், பூ வைக்காமல் இருப்பார்கள், நகையைக் கழற்றி வைப்பார்கள். அந்த வருஷம் மற்றவர்களைப் பற்றிய பேச்சையும் விடுவது என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்தோம். எல்லாரும் உண்மையாகவே முயன்றார்கள். ஆனால் ஜெபக் குறிப்பு நேரம் வந்தால் அறை அமைதியாகிவிடும். "தேசத்துக்காக ஜெபிப்போம், மழைக்காக ஜெபிப்போம்" என்று முடித்துவிடுவோம். பாவமில்லை, ஆனால் அன்பும் இல்லை. யாருக்கு என்ன கஷ்டம் என்றே தெரியாமல் வாரங்கள் போயின. ஈஸ்டர் முடிந்த கையோடு பழைய பேச்சு முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. நாற்பது நாள் தேக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

இயேசு சொன்ன காலி வீட்டின் உவமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. மத்தேயு 12ல் இருக்கிறது. அசுத்த ஆவி ஒரு மனுஷனை விட்டுப் போகிறது. திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி ஜோடித்திருக்கிறது. ஆனால் உள்ளே யாரும் இல்லை. தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. பெருக்கினது தப்பில்லை. வெறுமையாக விட்டதுதான் ஆபத்து.

இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். பாவத்தை விடுவது என்றால் நிறுத்துவது என்று நமக்குச் சிறுவயது முதல் பழகிப்போயிருக்கிறது. பவுல் அப்படி நிறுத்திவிட்டுப் போவதில்லை. எபேசியர் 4ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். பொய்யைக் களைந்துவிடுங்கள் என்று சொல்லி, மெய்யைப் பேசுங்கள் என்கிறார். திருடுகிறவன் இனித் திருடாமல் இருக்கட்டும் என்று சொல்லி, அதோடு விடாமல், கைகளால் வேலை செய்து குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். திருடாமல் சும்மா உட்கார்ந்திருப்பவன் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறான். எடுத்த அதே கை கொடுக்கிற கையாக மாற வேண்டும். அடுத்த வசனமே வாயைப் பற்றியது: கெட்ட வார்த்தை புறப்பட வேண்டாம், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமான நல்ல வார்த்தையைப் பேசுங்கள். ஆக, கோள் சொன்ன வாய் மூடிக்கொண்டால் போதாது. அந்த வாய்க்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

என்ன வேலை என்பதை எங்கள் சேகரத்து ஐயரம்மாதான், அதாவது எங்கள் சபைப் போதகரின் மனைவிதான், சொன்னார்கள். ரொம்பவும் எளிமையான ஏற்பாடு. ஒரு வீட்டைப் பற்றி யாராவது ஜெபக் குறிப்பு கொண்டுவந்தால், அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். கேட்கவில்லையா, அடுத்த கூட்டத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். "போக முடியாதுன்னா அது உங்க பாரம் இல்லம்மா, அதை இங்க இறக்காதீங்க" என்றார்கள். மத்தேயு 18ல் கர்த்தர் சொன்ன வழியும் இதுதானே: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்றார்.

உடனே ஜெபக் குறிப்புகள் பாதியாகக் குறைந்தன. அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், மீதி இருந்தவற்றில்தான் நடந்தது.

ஒரு வீட்டு மகளைப் பற்றிப் பேச்சு வந்திருந்தது. வேலைக்குப் போன ஊரில் யாரையோ கலியாணம் செய்துகொண்டாள், வீட்டைவிட்டே போய்விட்டாள், தாய் தலைகாட்ட முடியாமல் கிடக்கிறார் என்று. குறிப்பைக் கொண்டுவந்தவரும் நானும் சேர்ந்து போனோம். கையில் கொஞ்சம் அதிரசம் கொண்டுபோனோம். அந்த அம்மா கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லாமலே கேட்டார்கள்: "யாரு உங்ககிட்ட என்ன சொன்னாவ?" என்கூட வந்தவர் தரையைப் பார்த்தார். நான், "பேச்சு கேட்டோம்மா. பேச்சை நம்பாம உங்களையே பாக்கணும்னு வந்தோம்" என்றேன். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

காபி போடாமல் எங்களை விடவில்லை. காபி குடித்து முடிக்கும்போது அழ ஆரம்பித்துவிட்டார்கள். மகள் எங்கேயும் போகவில்லை. வேலை பார்த்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், வெளியூரில் சிகிச்சையில் இருக்கிறாள். என்ன வியாதி என்று சொன்னால் நாளைக்கு அவளுக்கு வரன் அமையாது என்று பயந்து, தாய் யாரிடமும் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் ஊர் கதையாக்கியிருந்தது. "ஜெபக் கூட்டத்துக்கு வரலாம்னு இருந்தேன், ஆனா அங்க வந்தா எம் பேரையே ஜெபத்துல வச்சிருவாவளேன்னு பயம்" என்றார்கள். அந்த வார்த்தையைவிடப் பெரிய கண்டனத்தை நான் எந்தப் பிரசங்க பீடத்திலிருந்தும் கேட்டதில்லை. ஆறுதல் தேடி வரவேண்டிய இடத்துக்குப் பயந்து ஒரு தாய் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்.

அப்புறம் செய்த காரியம்தான் கஷ்டமாக இருந்தது. பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணத்தில், ஒருவன் பிறனுடைய பொருளை வஞ்சித்து எடுத்திருந்தால், முதலைத் திரும்பக் கொடுத்து அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று லேவியராகமம் 6 சொல்லுகிறது. இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன் சகேயு அதையும் தாண்டி நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். பொருளை எண்ணிக் கொடுக்கலாம். பெயரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அந்த அம்மாவிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டோம். வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "நாம பேசினது பொய். அந்தப் பிள்ளை யாரையும் கலியாணம் பண்ணிக்கிட்டுப் போகல" என்று மட்டும், எந்தக் காதுகளில் அது விழுந்ததோ அந்தக் காதுகளுக்கே போய்ச் சொன்னோம். சில வீடுகளில் அதற்குள் கதை வேறு ஊருக்குப் போயிருந்தது. அதை எங்களால் மீட்க முடியவில்லை. விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள் சொல்லுகிறவன் இல்லாவிட்டால் சண்டை அடங்கும் என்கிறது நீதிமொழிகள். உண்மைதான். ஆனால் ஏற்கனவே எரிந்ததை அது திருப்பித் தராது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாயை மூடு என்ற போதனையை வைத்து அநியாயத்தை மூடுகிறவர்களும் சபைகளில் உண்டு. புருஷன் அடிக்கிறான், ஒரு பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறான் என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும், உதவி செய்யக்கூடியவர்களிடம், உடனே, சட்டத்தின் உதவி தேவையென்றால் அங்கேயும். அது கோள் அல்ல. வித்தியாசம் எங்கே என்று கேட்டால் 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தைக் காட்டுவேன். கொரிந்து சபையில் வாக்குவாதங்கள் உண்டென்று குலோவேயாளின் வீட்டாரால் தனக்கு அறிவிக்கப்பட்டது என்று பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். சொன்னவர்கள் தங்கள் பெயரோடு நின்றார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்ததோ தலைகீழ். சொன்னவர் யாரென்று ஒருநாளும் தெரியாது, பேசப்பட்டவர் யாரென்று ஊருக்கே தெரியும்.

ருசியைப் பற்றிச் சொன்னேன். அது இன்னும் முழுதாகப் போகவில்லை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதின பவுலுக்கே அந்தப் போராட்டம் இருந்திருக்கிறது. பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் அவர் பிரசங்கத்தைக் கேட்டு ஏறக்குறைய 3000 பேர் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தியோகியாவில் மனுஷருக்குப் பயந்து, புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். விசுவாசத்தில் வளருவது என்றால் இனி விழமாட்டோம் என்று அர்த்தமில்லை, முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர் நம் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம் என நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், என் நாத்தனார். நான் குரலைத் தாழ்த்தினாலே "மைனி, சங்கீதம் 141" என்பாள். "என் வாய்க்குக் காவல்வையும்" என்ற வசனம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று தனியாக எடுத்து வைப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். எங்கள் கூட்டத்தில் சிலர் அந்த நேரத்தில் ஒரு பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். யாரைப் பற்றிப் பேச அன்றைக்கு நாக்கு துடிக்கிறதோ அவருடைய பெயர். அவருக்காக நன்மை கேட்டு, நாலு வார்த்தை. ஒருவருக்காக இப்படிச் சில நாள் ஜெபித்த பிறகு அவரைப் பற்றித் தாழ்வாகப் பேசுவது தொண்டையில் நிற்கிறது. இதைக் கிருபை என்றுதான் சொல்லுவேன். எங்கள் தீர்மானத்தால் இது வரவில்லை.

அந்த அம்மா இப்போது கூட்டத்துக்கு வருகிறார்கள். மகளுக்காகத் தன் வாயாலேயே ஜெபக் குறிப்பு சொல்லுகிறார்கள்.

கூட்டத்தில் வந்த மாற்றம் வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் வரவில்லை. போன வாரம்கூட யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டோ, பெயரும் வயதும் அப்படியே தெரிய, "அவசர ஜெபம்" என்று மூன்று குழுக்களைத் தாண்டி எனக்கு வந்தது. அனுப்பியவரை அழைத்து, அந்தக் குடும்பத்திடம் கேட்டீர்களா என்று விசாரித்தேன். கேட்கவில்லை. அழித்துவிட்டார். அடுத்த பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஐயரம்மாவின் ஏற்பாட்டைச் செல்போனுக்கும் கொண்டுவர வேண்டும் என்று பேசப்போகிறேன். எதிர்ப்பு இருக்கும். "அவசரத்துக்கு யார்கிட்ட போயி கேக்க?" என்பார்கள். ஒரு போன் போட்டுக் கேட்கலாம்.