அம்மாவும் அலாரம் கீபேடும்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வாசலை ஒட்டி, சுவரில் இருக்கும் திருட்டு அலாரத்தின் கீபேடுக்கு அம்மா வைத்த பெயர் 'கத்துற பெட்டி'. மதுரையிலிருந்து கோடைக்கு வந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஸ்டே, அவே என்ற இரண்டு பட்டன்கள்தான் முக்கியம். அவே போட்டால் கதவு, ஜன்னல் சென்சார்களோடு ஹாலில் ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் மோஷன் சென்சாரும் விழித்துக்கொள்ளும். வீட்டில் ஆளே இல்லாதபோதுதான் அது. ஸ்டேயில் கதவு, ஜன்னல் சென்சார்கள் மட்டும்தான், உள்ளே நடமாடலாம். விடியற்காலையில் எழுந்து காபி போடுகிற அம்மாவுக்கு அதுதான் சரி. ஆனால் கோலம் போட வாசல் கதவைத் திறக்கும் முன் அணைத்துவிட வேண்டும். மறந்தாலும் உடனே அலறாது. எங்கள் வீட்டில் 30 விநாடி அவகாசம் வைத்திருக்கிறேன், பீப் பீப் என்று கேட்டால், "பதறாம நம்பரப் போடும்மா."

பெட்டியோடு வரும் 1234 என்ற நாலு இலக்க நம்பரை முதல் நாளே மாற்றிவிடுங்கள். பட்டன்களை அவ்வப்போது துடையுங்கள். நாலு பட்டனில் மட்டும் விரல் அழுக்கு தெரிந்தால், 10,000 வாய்ப்புகள் வெறும் 24 ஆகச் சுருங்கிவிடும். அம்மாவுக்குத் தனி நம்பர். ஊருக்குப் போனதும் அதை மட்டும் நீக்கிவிடலாம்.

யாராவது மிரட்டினால் போட ஒரு நம்பர் உண்டு. அலாரம் வழக்கம்போல் அணைந்துவிடும், ஆனால் கண்காணிப்பு நிறுவனத்துக்குச் சத்தமில்லாமல் தகவல் போகும். "அந்த நேரத்துல எனக்கு எந்த நம்பர்டா ஞாபகம் வரும்?" என்றாள். நியாயம்தான், விட்டுவிட்டேன்.

அவளுக்குப் பிடித்தது சைம். அலாரம் அணைந்திருந்தாலும் கதவு திறந்தால் டிங் என்னும். பேரன் நைசாக நழுவினால் அடுப்படியிலிருந்தே, "எங்கடா கெளம்பிட்ட?"