ஹீட்டர் இல்லாத கண்ணாடிக் குடிலில் தக்காளி நாற்று: மார்ச் முதல் மே வரை

இடம் தெற்கு இங்கிலாந்து. 6 அடிக்கு 8 அடி கண்ணாடிக் குடில். மின் இணைப்பு உண்டு. குடில் முழுவதையும் சூடேற்றும் ஹீட்டர் கிடையாது. ரகங்கள்: கார்டனர்ஸ் டிலைட், மணிமேக்கர், சன்கோல்ட் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்). இங்கே உறைபனி மே முதல் பாதி வரை எட்டிப் பார்க்கும் என்பதால், கீழே உள்ள எல்லாமே அதை மனதில் வைத்துச் செய்தவை.

மார்ச் முதல் வாரம், விதைப்பு

முளைப்பைத் தீர்மானிப்பது காற்றின் சூடு அல்ல, மண்கலவையின் சூடு. 25 டிகிரியில் தக்காளி சுமார் ஆறு நாளில் முளைத்துவிடும். 20 டிகிரியில் எட்டு நாள், 15 டிகிரியில் இரண்டு வாரம். 10 டிகிரிக்கு இறங்கினால் ஆறு வாரம் வரை இழுக்கும். அவ்வளவு காலம் ஈரத்தில் கிடக்கும் விதை அழுகவே வாய்ப்பு அதிகம். அதனால் தட்டுக்குக் கீழே சூடேற்றும் பாய், அதற்கு ஒரு தெர்மோஸ்டாட், அளவு 23 டிகிரி.

தெர்மோஸ்டாட்டின் உணரி முனையை விதை இருக்கும் ஆழத்தில் மண்கலவைக்குள்ளேயே செருக வேண்டும். பலர் அதைத் தட்டின் ஓரத்தில் தொங்கவிடுகிறார்கள். அப்போது அது காற்றைத்தான் அளக்கும்: குளிர்ந்த இரவில் பாய் நிற்காமல் ஓடி விதையை வேகவைக்கும்; வெயில் அடித்ததும், கலவை இன்னும் சில்லென்று இருக்கும்போதே அணைந்துவிடும். பாய்க்கு அடியில் ஓர் அங்குல தெர்மோகோல் பலகை அவசியம், இல்லாவிட்டால் சூடு மேசை வழியாகக் கீழே போகும்.

விதை ஆழம் 5 முதல் 6 மி.மீ. மேலே மெல்லிய வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் இலேசான கனிமத் துகள்) போர்வை. ஆழம் குறைந்தாலோ மேல்பரப்பு காய்ந்தாலோ விதையுறை கழலாமல் விதையிலைகளைக் கவ்விக்கொண்டே மேலே வரும். அதைப் பிய்க்கக் கூடாது, இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டு வெதுவெதுப்பான நீர் வைத்து, ஒரு மணி நேரம் மூடி போட்டு வைத்தால் உறை இளகும். பெரும்பாலும் தானே விழுந்துவிடும்.

முளை தலைகாட்டியதும்

தண்டு கொக்கி போல வளைந்து வெளியே வந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டை 18க்கு இறக்க வேண்டும். இந்த ஒரு நாள் தாமதமே நாற்றைக் கெடுக்கும். மார்ச் மாத வெளிச்சம் பலவீனமானது. வெளிச்சம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால் தண்டு வெளிறி, நெடுநெடுவென்று நீண்டு, சாய்ந்துவிடும். எல்.இ.டி. விளக்கு 25 செ.மீ. உயரத்தில், பகலோடு சேர்த்துத் தினம் 14 முதல் 16 மணி நேரம். 24 மணி நேரமும் எரியவிடுவது தவறு. இருட்டே இல்லாவிட்டால் தக்காளி இலை மஞ்சளிக்கும். தக்காளி இதில் நோஞ்சான்.

இரவுச் சூடு

கண்ணாடிக் குடில் இரவில் பெரிதாக ஒன்றும் காப்பாற்றாது. வானம் தெளிந்த இரவில் உள்ளே, வெளியை விட ஓரிரு டிகிரிதான் கூடுதல். பாலித்தீன் குடிலில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் தரையிலிருந்து எழும் வெப்பக் கதிர்களைப் பாலித்தீன் தடுக்காமல் வெளியே விட்டுவிடும். ஆகவே குடிலுக்குள் ஒரு சிறு குடில்: சூட்டுப் பாயைச் சுற்றி 45 செ.மீ. உயரச் சட்டம், அதன் மேல் குமிழ் பாலித்தீன். உறைபனி அறிவிப்பு உள்ள இரவில் நாற்றின் மேல் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளை ஃப்ளீஸ் துணி ஒன்று கூடுதலாக. காலையில் துணியை மறக்காமல் எடுக்க வேண்டும், அது வெளிச்சத்தையும் தடுக்கும்.

பழைய பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பை நாற்று உள்ள குடிலில் வைக்கவே வேண்டாம். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் சேரும். விடியும்போது கண்ணாடி முழுக்க ஒழுகும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். திரி சரியாக எரியாவிட்டால் எத்திலீன் வாயு வேறு வரும். அதனால் இலைக்காம்புகள் கீழ்நோக்கி மடங்கித் தொங்கும். அதைத் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுபவர்கள் நாற்றை இரண்டு முறை தண்டிக்கிறார்கள்.

பகலில் ஆபத்து நேரெதிர். வெளியே 8 டிகிரி இருக்கும் வெயில் நாளில்கூட உள்ளே 30ஐத் தாண்டும், குமிழ் பாலித்தீனுக்குள் அதற்கும் மேல். மெழுகு உருளையால் இயங்கும் தானியங்கி ஜன்னல் திறப்பான் மின்சாரம் இல்லாமல் இதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மெழுகு விரிய நேரம் எடுக்கும், ஆகவே உள்ளே இருக்கும் சிறு குடிலைக் காலை 9 மணிக்குள் கையால் திறந்துவிட வேண்டும்.

நாற்றழுகல்

மண்மட்டத்தில் தண்டு நீர் கோத்து, நூலாக மெலிந்து, மறுநாள் சாய்ந்து கிடக்கும். பித்தியம் போன்ற கிருமிகளின் வேலை. விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. சுற்றியுள்ள கலவையோடு அள்ளி எறிவதுதான். குளிர் மட்டும் இருந்தால் இது அவ்வளவாக வராது, குளிரோடு ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் தவறாமல் வரும்.

காரணத்தில் பாதி தென்னை நார்த்தூளில் இருக்கிறது. கரிச்சதுப்பு மண் (பீட்) சேர்க்காத பிரிட்டிஷ் கலவைகள் பலவற்றில் இந்தியா, இலங்கையிலிருந்து வரும் நார்த்தூள்தான் அடிப்படை. அதன் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து பழுப்பாகத் தெரியும், அடியிலோ சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும். கண்ணை நம்பாமல் தட்டைத் தூக்கிக் கனம் பார்க்க வேண்டும். லேசாக இருந்தால் மட்டும் கீழ்த்தட்டில் நீர் ஊற்றி, 20 நிமிடம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நேரம் காலை மட்டும். குழாய்நீர் இந்த மாதத்தில் சில்லென்று வரும். முந்தின நாளே வாளியில் பிடித்து உள்ளே வைத்த நீர் நல்லது.

மார்ச் கடைசி, பிரித்து நடுதல்

விதையிலைகளுக்குப் பிறகு வரும் முதல் உண்மையிலை அரும்பியதும் 9 செ.மீ. தொட்டிக்கு மாற்றம். விதையிலையைப் பிடித்துத் தூக்க வேண்டும், தண்டைத் தொடக் கூடாது: இலை போனால் வேறு வரும், நசுங்கிய தண்டு மீளாது. விதையிலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டில் வேர் விடும். புதுக் கலவையை முந்தின இரவே வீட்டுக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் இலையின் அடிப்புறம் ஊதா நிறமானால் உரம் தேடி ஓட வேண்டாம். பாஸ்பரஸ் கலவையிலேயே இருக்கிறது, குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியவில்லை. வேர்ப்பகுதி 15 டிகிரிக்கு மேல் நின்றால் புது இலைகள் பச்சையாகவே வரும். இரண்டு மூன்று உண்மையிலைப் பருவத்தில், பகலில் 18 முதல் 20 டிகிரி கிடைக்கிறது என்றால், இரவில் காற்று 12க்கு இறங்குவது நல்லதே. முதல் கொத்து தாழ்வாக, கூடுதல் பூவோடு வரும். அதற்கும் கீழே நாள்கணக்கில் போனால் முதல் காய்கள் கோணலும் தழும்புமாக விளையும்.

இப்போதைய நிலை

சன்கோல்டில் முதல் பூங்கொத்து தெரிகிறது, மணிமேக்கர் ஓர் இலை பின்தங்கியிருக்கிறது. குடிலின் தரையில் 15 செ.மீ. ஆழத்தில் காலை வெப்பநிலை 12 டிகிரி. அது தொடர்ந்து 14ல் நிற்கும் வரை தரையில் நடவு இல்லை. தொட்டி நிறைய வேர் சுற்றிய சன்கோல்டுகள் மட்டும் 12 செ.மீ. தொட்டிக்கு மாறுகின்றன, இலைகள் ஒன்றையொன்று தொடாத இடைவெளியில்.